தலைவலி டைரி எழுதி எழுதியே தலை வலிக்கிறது, இன்னும் எதைத்தான் நிறுத்துவது?

பாதிநிலா:

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாகத்தான் எழுதப் போகிறேன், இன்று தலை லேசாக இருக்கிறது, நாளைக்கு எப்படி இருக்குமோ தெரியாது.

எனக்கு வயது 36. கணக்கு வேலை, நாள் முழுக்கத் திரை. ஒற்றைத் தலைவலி பதினேழு வயதிலிருந்தே உண்டு, அம்மாவுக்கும் உண்டு, அதனால் இது என்ன நோய் என்று தெரியாமல் கேட்கவில்லை. முன்பெல்லாம் மாதத்துக்கு ஒன்றோ இரண்டோ வரும், மாத்திரை போட்டு இருட்டறையில் படுத்து எழுந்தால் மறுநாள் நான் நானாக இருப்பேன். கடந்த ஒன்றரை வருடமாகக் கதை வேறு. மாதத்தில் பாதி நாள் தலை கனமாகவே இருக்கிறது, அதில் ஆறேழு நாள் வலது நெற்றிப்பொட்டு தெறிக்கிறது, படி ஏறினால் இன்னும் மோசம், வெளிச்சம் ஆகாது, பக்கத்து மேசைக்காரர் பேனாவை அழுத்துகிற சத்தம்கூட ஆகாது, கடைசியில் வாந்தி.

எதனால் வருகிறது என்று கண்டுபிடித்தே தீருவது என்று டைரி போட ஆரம்பித்தேன். இணையத்தில் இருக்கிற பட்டியல்களை எல்லாம் பார்த்து சாக்லேட், சீஸ், ஆரஞ்சு, தக்காளி, கடலை என்று ஒவ்வொன்றாக விட்டேன். வாசனைத் திரவியத்தைத் தூக்கிப் போட்டேன். கழுத்துப் பிடிப்பில்தான் பல நாள் ஆரம்பிக்கிறது என்பதால் தலையணையை மூன்று முறை மாற்றினேன். நடுவில் மூக்கடைப்பும் கண்ணில் நீரும் வருவதைப் பார்த்து ஒரு மருத்துவர் சைனஸ் என்று சொல்லி இரண்டு முறை ஆன்டிபயாடிக் கொடுத்தார், ஒன்றும் நடக்கவில்லை. டைரி நாற்பது பக்கம் தாண்டிவிட்டது. சாக்லேட் சாப்பிட்ட அன்று ஒரு தடவை வந்தது, அடுத்த தடவை வரவில்லை, சாப்பிடாத வாரத்தில் மூன்று தடவை வந்தது.

இன்னொரு மருத்துவர் தினமும் போடச் சொல்லி புரோப்ரனோலால் எழுதிக் கொடுத்தார். அது ரத்த அழுத்த மாத்திரை என்று அட்டையைப் பார்த்துத் தெரிந்துகொண்டதும் பயம், இருந்தும் மூன்று வாரம் போட்டேன், மாற்றம் இல்லை, விட்டுவிட்டேன்.

கேள்வி இரண்டு. ட்ரிகரை, அதாவது வலியைத் தூண்டிவிடுவதை, உருப்படியாகக் கண்டுபிடிக்க வழி உண்டா? வலிக்கும்போது போடும் மாத்திரை இருக்கும்போது தினசரி மாத்திரை எதற்கு?

பழையகுடை:

அம்மா, இருபத்தைந்து வருடமாக இதே தலையைத் தூக்கிக்கொண்டு அலைகிறவன் நான். மருத்துவர் இல்லை. உங்கள் டைரியை என்னுடைய பழைய நோட்டு என்றே நினைத்தேன். நான் சாக்லேட்டைப் பதினோரு வருடம் தொடவில்லை. தேவையில்லாத தவம்.

ஒற்றைத் தலைவலி தலை வலிக்கும்போது ஆரம்பிப்பதில்லை. வலிக்குச் சில மணி நேரம் முன்பு, சிலருக்கு இரண்டு நாள் முன்பே, உள்ளே வேலை தொடங்கிவிடுகிறது. கொட்டாவி மேல் கொட்டாவி, காரணமில்லாத எரிச்சல், அடிக்கடி சிறுநீர், கழுத்து இறுக்கம், இனிப்பின் மேல் திடீர் ஆசை, எல்லாம் அந்த முன்கட்டத்தின் அடையாளங்கள். ஜெர்மனியில் ஒரே நோயாளியை 30 நாள் தொடர்ந்து தினமும் மூளை ஸ்கேன் எடுத்துப் பார்த்து 2016-ல் வெளியிட்டார்கள். வலிக்கு முந்தைய ஒரு நாளிலேயே ஹைப்போதலாமஸ் மாறி வேலை செய்வது அதில் தெரிந்தது. தூக்கம், பசி, தாகம் எல்லாவற்றையும் ஆளுகிற இடம் அது. இப்போது யோசியுங்கள், இனிப்பு வேண்டும் என்று மூளையே கேட்கிறது, நீங்கள் சாக்லேட்டை எடுக்கிறீர்கள், ஐந்து மணி நேரம் கழித்து வலி வருகிறது, பழி சாக்லேட் மேல். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான், இங்கே பனம்பழம் ஏற்கெனவே காம்பு விட்டிருந்தது, அவ்வளவே. 63 பெண்களுக்கு எது சாக்லேட் எது போலி என்று சொல்லாமல் கொடுத்து 1997-ல் சோதித்தார்கள், இரண்டுக்கும் வித்தியாசம் இல்லை.

கழுத்தும் அப்படித்தான். முகத்து உணர்வை எடுத்துச் செல்லும் முக்கிளை நரம்பும் மேல்கழுத்து நரம்புகளும் மூளைத்தண்டில் ஒரே இடத்தில் போய்ச் சேர்கின்றன, அங்கே கலவரம் என்றால் கழுத்தும் சேர்ந்து வலிக்கும். தலையணை பாவம். மூக்கிலும் கண்ணிலும் நீர் வருவதும் அதே நரம்புக் கலவரத்தின் கிளை. சைனஸ் தலைவலி என்று தாங்களாகவோ மருத்துவர் சொல்லியோ நம்பியிருந்த சுமார் 3000 பேரைப் பரிசோதித்து 2004-ல் வந்த ஓர் ஆய்வில் 88 சதவீதம் பேருக்கு இருந்தது ஒற்றைத் தலைவலி வகைதான். நிஜ சைனஸ் தொற்று என்றால் கெட்டியான மஞ்சள் சளி, காய்ச்சல், வாசனை தெரியாமல் போவது என்று வேறு முகம் இருக்கும்.

உங்கள் நாற்பது பக்கத்தில் ஒரு விஷயத்தைக் காணவில்லை. மாதத்தில் எத்தனை நாள் வலி மாத்திரை போடுகிறீர்கள்? எத்தனை மாத்திரை என்று கேட்கவில்லை, எத்தனை நாள்.

மல்லிகைப்பந்தல்:

பழையகுடை அண்ணா சொன்னதில் பாதிக்கு மேல் ஒப்புக்கொள்கிறேன், ஆனால் தூண்டுதல் என்பதே பொய் என்கிற மாதிரி யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். எனக்கு மாதவிலக்குக்கு இரண்டு நாள் முன்னாலோ முதல் மூன்று நாளிலோ கடிகாரம் வைத்த மாதிரி வரும், மற்ற நாள் வலியைவிட நீளமாகவும் பிடிவாதமாகவும் இருக்கும். ஈஸ்ட்ரோஜென் என்ற பெண் ஹார்மோன் சட்டென்று இறங்குவதுதான் காரணம். பெண்களுக்கு இந்த நோய் ஆண்களைவிடச் சுமார் மூன்று மடங்கு அதிகம் என்பதற்கும் ஹார்மோன் ஒரு பெரிய பங்கு. இதை டைரிதான் எனக்குக் காட்டிக் கொடுத்தது. நான் எழுதியது தேதி, வலி, மாதவிலக்கு, தூக்கம், மாத்திரை ஆகிய ஐந்தே கட்டம். தக்காளி சாப்பிட்டேனா என்று எழுதவே இல்லை.

எனக்குத் தெரிந்தவரை நிஜமாகக் குற்றவாளிகள் சாப்பாட்டுப் பொருள்களைவிட ஒழுங்கு மாறுவதுதான். வேளை தவறிய சாப்பாடு, குறைந்த தூக்கம், அதே போல விடுமுறை நாளில் மூன்று மணி நேரம் கூடுதல் தூக்கம், வாரம் முழுக்க ஓடிவிட்டு வேலை முடிந்து அப்பாடா என்று உட்கார்ந்த மறுநிமிடம். பரீட்சை அன்று வராது, முடிந்த மறுநாள் வரும். அப்புறம் இவை தனித்தனியாக வந்தால் ஒன்றும் ஆகாமல், தூக்கம் கெட்டது, பட்டினி, மாதவிலக்கு மூன்றும் ஒரே நாளில் சேர்ந்தால் தப்ப முடியாது. சாக்லேட் ஒரு நாள் வேலை செய்து மறுநாள் வேலை செய்யாதது போலத் தெரிவதற்கு இதுவும் காரணமாக இருக்கலாம்.

இன்னொன்று, இது முக்கியம். வலிக்கு முன்னால் கண்ணில் மினுமினுக்கும் வளைகோடு, பார்வையில் ஓட்டை மாதிரி ஏதாவது வருமா? வந்தால், கருத்தடை மாத்திரை எடுக்கிறீர்களா என்பதையும் மருத்துவரிடம் சொல்லியாக வேண்டும்.

விடியல்காற்று:

காதின் உள்மடிப்பில் துளை போட்டுக்கொள்ளுங்கள், மொத்தமாகப் போய்விடும். என் நண்பனுக்குப் போய்விட்டது.

பழையகுடை:

தம்பி, நானும் போட்டேன். துளை இருக்கிறது, தலைவலியும் இருக்கிறது. முறையான சோதனை எதுவும் இதை உறுதி செய்யவில்லை. உங்கள் நண்பருக்குச் சரியானதில் மகிழ்ச்சி, பொதுவாக மிக மோசமான மாதத்தில்தான் நாம் எதையாவது செய்துகொள்வோம், அடுத்த மாதம் தானாகவே குறையும்.

பாதிநிலா:

நேற்று ராத்திரி மருந்துக்கடை ரசீதுகளையும் டைரியையும் வைத்து எண்ணினேன். போன மாதம் 19 நாள். அதற்கு முந்தைய மாதம் 17. எனக்கே கை நடுங்கிவிட்டது, ஒரு நாளுக்கு ஒன்று இரண்டுதான் என்பதால் அது கணக்கிலேயே வரவில்லை. பாராசிட்டமாலும் காஃபினும் இன்னொன்றும் சேர்ந்த கலவை மாத்திரை, சீட்டு இல்லாமலே கிடைப்பது. காலையில் லேசாகத் தலை கனத்தால் வேலைக்குப் போக வேண்டுமே என்று முன்கூட்டியே ஒன்று போட்டுவிடுவேன்.

மல்லிகைப்பந்தல் அக்கா கேட்ட வளைகோடு உண்டு. ஐந்தாறு முறைக்கு ஒரு முறை வரும், உடைந்த கண்ணாடி விளிம்பு போல ஒன்று நடுவில் புள்ளியாகத் தோன்றி மெதுவாக ஓரம் நோக்கி விரியும், இருபது நிமிடம் இருந்து மறையும், அப்புறம் வலி. கண் டாக்டரிடம் போனேன், கண்ணில் குறை இல்லை என்றார், அதோடு மறந்துவிட்டேன். கருத்தடை மாத்திரையும் இரண்டு வருடமாக எடுக்கிறேன். இரண்டும் சம்பந்தப்பட்டவை என்று இதுவரை யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

கலுவமும்குழவியும்:

நான் மருந்தாளுநர், உங்களை மாதிரி ஒருவரை வாரம் ஒருவராவது கடை வாசலில் பார்க்கிறேன். பொதுவாகத் தெரிந்ததைச் சொல்கிறேன், முடிவை நரம்பியல் மருத்துவர் எடுக்கட்டும்.

முதலில் கருத்தடை மாத்திரை, அது காத்திருக்கிற விஷயம் இல்லை. நீங்கள் சொல்லும் வளைகோட்டுக்கு ஆரா என்று பெயர், மூளையின் மேற்பரப்பில் மெல்ல ஊர்ந்து போகிற ஒரு மின் அலை, பொதுவாக 5 முதல் 60 நிமிடம் இருக்கும். ஆரா உள்ளவர்களுக்குப் பக்கவாத அபாயம் மற்றவர்களைவிடச் சற்று அதிகம், ஈஸ்ட்ரோஜென் கலந்த கருத்தடை மாத்திரை அதை மேலும் ஏற்றுகிறது, புகைப்பழக்கமும் சேர்ந்தால் இன்னும். இளவயதில் மொத்த அபாயம் சிறியதுதான், பயந்து தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம், ஆனால் ஆரா இருந்தால் அந்த வகை மாத்திரை கூடாது என்பதுதான் உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதலும். ஈஸ்ட்ரோஜென் இல்லாமல் புரோஜெஸ்டின் என்ற ஹார்மோன் மட்டும் உள்ளவை, கருப்பையில் வைக்கும் சாதனம் என்று மாற்று வழிகள் உண்டு. இந்த வாரமே கேளுங்கள்.

இரண்டாவது அந்த 19 நாள். தலைவலி மாத்திரையே தலைவலியைத் தருவது என்று கேட்டால் சிரிப்பாக இருக்கும், ஆனால் பெயர் வைத்து வகைப்படுத்திய நோய்நிலை அது. கணக்கு இப்படி: பாராசிட்டமால், ஐபுப்ரோஃபென் மாதிரியான ஒற்றை மருந்து மாதத்தில் 15 நாள் அல்லது அதற்கு மேல், கலவை மாத்திரை, ஒற்றைத் தலைவலிக்கென்றே உள்ள ட்ரிப்டான், அபின் சார்ந்த வலி மருந்தான ஓபியாய்டு வகை 10 நாள் அல்லது அதற்கு மேல், மூன்று மாதத்துக்கு மேல் தொடர்ந்தால் வரும். உங்களுடையது கலவை, வரம்பு 10, நீங்கள் 19. உள்ளே இருக்கும் காஃபின் தனியாக ஒரு தொல்லை, பழகிய உடம்புக்கு அது நின்றால் ஒரு நாளுக்குள் தலை வலிக்கும், அந்த வலிக்கு அதே மாத்திரை, இப்படியே சுற்றும். ஒருவேளை கடந்த ஒன்றரை வருடமாக நீங்கள் தேடிய ட்ரிகர் கைப்பைக்குள்ளேயே இருந்திருக்கலாம்.

நிறுத்தினால் முதல் 2 முதல் 10 நாள் வலி கூடும், குமட்டல், தூக்கமின்மை வரும். முக்கால்வாசிப் பேர் அங்கேதான் திரும்பி வந்து இன்னொரு அட்டை கேட்கிறார்கள். உங்கள் வகையைச் சட்டென்று நிறுத்தலாம் என்பார்கள், ஆனால் அந்த இன்னொன்று என்று சொன்னீர்களே, அது கோடீன் போன்ற ஓபியாய்டு என்றால் மருத்துவர் சொல்படி படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும், அட்டையைப் பார்த்துச் சொல்லுங்கள்.

உங்கள் இரண்டாம் கேள்விக்கு பதில் இதிலேயே இருக்கிறது. வலி மாத்திரைக்கு மாத வரம்பு இருக்கிறது, வலி நாள்கள் அந்த வரம்பைத் தாண்டும்போது நாள்களையே குறைக்க வேண்டும், அதற்குத்தான் தினசரி மாத்திரை. புரோப்ரனோலால் இதயத்துக்கும் ரத்த அழுத்தத்துக்கும் உள்ள மருந்து என்பது உண்மை, டோபிராமேட் வலிப்பு நோய்க்கு, அமிட்ரிப்டிலின் மனச்சோர்வுக்கு, எல்லாம் வேறு வீட்டிலிருந்து இங்கே குடிவந்தவை. எந்த ஒன்றையும் சரியான அளவுக்கு ஏற்றி 8 முதல் 12 வாரம் பார்த்துத்தான் தீர்ப்பு. மூன்று வாரத்தில் எடைபோட முடியாது. மாதத்து வலி நாள்கள் பாதியானால் வெற்றி, முழுக்கப் போக வேண்டும் என்று எதிர்பார்த்தால் எல்லா மருந்தும் தோல்விதான். ஆளைப் பார்த்துத் தேர்வு: ஆஸ்துமா இருந்தால் புரோப்ரனோலால் ஆகாது. டோபிராமேட்டில் விரல்நுனி மரக்கும், பேசும்போது வார்த்தை சிக்காது, சிறுநீரகக் கல் வரலாம், கர்ப்பத்தில் கூடாது. அமிட்ரிப்டிலின் தூங்க வைக்கும், எடை ஏற்றும், தூக்கமே வராதவருக்கு அதுவே வசதி. இன்னொரு வலிப்பு மருந்தான வால்புரோயேட்டைப் பிள்ளை பெறும் வயதுப் பெண்கள் தவிர்க்க வேண்டும், கருவிலுள்ள குழந்தைக்குக் கேடு.

வலி வந்த நாளுக்கு, ஐபுப்ரோஃபென், நாப்ராக்சென் போதவில்லை என்றால் ட்ரிப்டான் என்ற வகை இருக்கிறது, சுமட்ரிப்டான் 1990-களின் தொடக்கத்தில் வந்தது. வலி லேசாக இருக்கும்போதே போட்டால் நன்றாகக் கேட்கும். ஆரா ஓடும்போது போடுவதில் பலன் இல்லை, வலி தொடங்கட்டும். இதய ரத்தக்குழாய் நோய், பக்கவாதம், கட்டுப்படாத ரத்த அழுத்தம் இருந்தால் கூடாது. வாந்தி வருகிறவர்களுக்கு இரைப்பை அந்த நேரத்தில் மந்தமாகிவிடும், விழுங்கிய மாத்திரை அங்கேயே கிடக்கும், அதனால் வாந்தி நிறுத்தும் மருந்தைச் சேர்த்தோ மூக்கு ஸ்பிரே, ஊசி வடிவிலோ தருவார்கள். புரோப்ரனோலாலும் ரிசாட்ரிப்டான் என்ற இன்னொரு ட்ரிப்டானும் சேர்ந்தால் ரிசாட்ரிப்டான் அளவைக் குறைக்க வேண்டும், எழுதிக் கொடுப்பவருக்கு இரண்டையும் சொல்லுங்கள்.

இவையெல்லாம் பலிக்காதவர்களுக்கு இப்போது இதற்கென்றே பிறந்த மருந்துகள் வந்திருக்கின்றன. வலி நேரத்தில் முக்கிளை நரம்பு சிஜிஆர்பி என்ற புரதத்துண்டை வெளியிடுகிறது. இந்த வழியைக் கண்டு சொன்ன ஆய்வுகளுக்காக எட்வின்சன், காட்ஸ்பி, மாஸ்கோவிட்ஸ், ஓலெசன் நால்வருக்கும் 2021-ல் மூளை ஆய்வுக்கான பிரெய்ன் பரிசு கிடைத்தது. அதைத் தடுக்கும் எரெனுமாப் ஊசிக்கு அமெரிக்காவில் 2018 மே மாதம் அனுமதி கிடைத்தது, மாதம் ஒரு முறை. ரிமெஜெபன்ட், அடோஜெபன்ட் போன்றவை மாத்திரை வடிவம். மாதத்தில் 15 நாள் அல்லது அதற்கு மேல் வலியோடு இருப்பவர்களுக்கு 12 வாரத்துக்கு ஒரு முறை தலையிலும் கழுத்திலும் 31 இடங்களில் போடும் போட்டுலினம் (போடாக்ஸ்) ஊசியும் உண்டு.

ஒரே நொடியில் உச்சத்துக்குப் போகும் இடி மாதிரியான வலி, காய்ச்சலோடு கழுத்து விறைப்பு, கை கால் தளர்ச்சி, பேச்சுக் குழறல், அடிபட்ட பின் வரும் வலி, ஐம்பது வயதுக்கு மேல் முதல் முறையாக வரும் வலி, கர்ப்பத்திலோ பிரசவத்துக்குப் பிறகோ புதிதாக வரும் வலி, இவற்றில் எது வந்தாலும் கேள்வி கேட்டு உட்கார்ந்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

பாதிநிலா:

பதினோரு வாரம் கழித்து வருகிறேன். பலர் கேட்டிருந்தீர்கள், பதில் போடாததற்கு மன்னிக்கவும்.

அந்த மூன்றாவது சமாசாரம் ஆஸ்பிரின், ஆகவே மருத்துவர் ஒரேயடியாக நிறுத்தச் சொன்னார். முதல் எட்டு நாளைப் பற்றி எழுத விருப்பமில்லை. விடுப்பு எடுத்திருந்தேன், நல்லவேளை. கருத்தடை மாத்திரையை அதே வாரம் மாற்றிவிட்டார்கள். புரோப்ரனோலாலை மறுபடியும் ஆரம்பித்து மெதுவாக ஏற்றினார்கள், கை கால் ஜில்லென்று இருப்பதும் மாடிப்படியில் கொஞ்சம் மூச்சு வாங்குவதும் தவிரத் தொந்தரவில்லை. போன மாதம் வலி 6 நாள், அதில் மோசமானது 2. மாத்திரை போட்டது 4 நாள். காலை நேரத் தலைக்கனம் ஐந்தாம் வாரம் எப்போது போனதென்றே தெரியவில்லை, ஒரு நாள் பல் துலக்கும்போதுதான் கவனித்தேன். தக்காளி, ஆரஞ்சு, கடலை எல்லாம் திரும்பி வந்துவிட்டன. சீஸ் மட்டும் இன்னும் சந்தேகத்தில் இருக்கிறது, அதற்குப் பதிலாகத் தூக்க நேரத்தை ஒழுங்கு செய்திருக்கிறேன், விடுமுறை நாளிலும் அதே நேரத்துக்கு எழுவது கொடுமைதான்.

இந்தத் தினசரி மாத்திரையை வாழ்நாள் முழுக்கப் போட வேண்டுமா?

கலுவமும்குழவியும்:

வேண்டியதில்லை. நன்றாகப் போனால் ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடத்துக்குள் குறைத்துப் பார்ப்பது வழக்கம். ஆனால் முன்பு செய்தது போல நீங்களாகச் சட்டென்று விடாதீர்கள், புரோப்ரனோலாலைத் திடீரென நிறுத்தினால் நெஞ்சு படபடக்கும், ரத்த அழுத்தம் எகிறும். படிப்படியாகத்தான்.

பழையகுடை:

19-லிருந்து 4. நல்லது அம்மா. கொட்டாவியைக் கவனிக்கப் பழகினீர்களா?

பாதிநிலா:

பழகினேன் அண்ணா. இதைத் தட்டச்சு செய்யும்போதே நான்கு வந்துவிட்டது, கழுத்தும் இறுகுகிறது. தண்ணீர் குடித்து, சாப்பிட்டுவிட்டு விளக்கை அணைக்கிறேன், ட்ரிப்டான் தலைமாட்டில் இருக்கிறது. மற்றவர்களுக்கு நாளை மறுநாள் பதில் போடுகிறேன்.